டு ஹோஸ்ட் துளையுள்ள கீபோட்டை லப்டொப்போடு பிடிப்பது எப்படி, எங்கே பிழைக்கும்

கேள்வி சுருக்கமாக இது. கனடாவில் இருந்து உறவினர் அனுப்பிய 1990களின் யமஹா கீபோட் ஒன்றும், அதே காலத்து றோலண்ட் சவுண்ட் மொடியூல் (கட்டைகள் இல்லாமல் ஒலியை மட்டும் தரும் பெட்டி) ஒன்றும் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய இசைக்குழுவின் கையில் இருக்கின்றன. கீபோட்டின் பின்பக்கத்தில் ஐந்து முள் மிடி (இசைக் கருவிகளும் கொம்பியூட்டரும் சுரச் செய்திகளைப் பரிமாறும் முறை) சொக்கெட்டுகள், கொம்பியூட்டரோடு பிடிப்பதற்கென்று டு ஹோஸ்ட் என்று எழுதிய சின்ன வட்டத் துளை, அதன் பக்கத்தில் நாலு நிலைச் சுவிச் ஒன்று. டவுனில் யூ.எஸ்.பி–சீரியல் கேபிள் ஒன்று வாங்கிப் பொருத்தினால் லப்டொப் அதைக் கொம் போர்ட், அதாவது வெறும் சீரியல் துளை, என்று காட்டுகிறது. இசை மென்பொருளிலோ மிடி கருவி எதுவும் தெரியவில்லை. ஒருதரம் எப்படியோ சத்தம் வந்தபோது ஒரு சுரம் நிற்காமல் இழுபட்டது. மேடையில் பிடித்தால் ஸ்பீக்கரில் உறுமல். இதைச் சரிக்கட்டலாமா, அல்லது வேறு வழி பார்ப்பதா?

சரிக்கட்டலாம். வழி இரண்டு. வீட்டில் இருந்து பாட்டு அமைப்பதற்கு டு ஹோஸ்ட் துளையே போதும்: சுவிச்சை பி.சி-2 இல் வைத்து, செக்கனுக்கு 38,400 பிட் வேகத்தில், கொம் போர்ட்டை மிடி கருவியாகக் காட்டும் ஒரு பாலம் மென்பொருளோடு ஓட்டலாம். மேடைக்கு அந்தத் துளையை விட்டுவிட்டு ஐந்து முள் சொக்கெட்டுக்கே போங்கள். காரணம் கீழே வரும். எந்த வழியில் போனாலும் மூன்று விஷயம் ஒத்துவர வேண்டும்: வேகம், மின்னழுத்தம், மின் பிரிப்பு (இரண்டு கருவிகளின் மின்சுற்றும் நேரே தொடாமல் இருப்பது). பிளக் துளைக்குள் இறங்குவது இந்த மூன்றில் ஒன்றுக்கும் உத்தரவாதம் இல்லை. உங்கள் தொல்லைகளில், கருவி தெரியாதது பாலம் மென்பொருள் இல்லாததால், உறுமல் மின் பிரிப்பு இல்லாததால் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்; இழுபட்ட சுரத்தின் காரணங்கள் கீழே வரும்.

முதலில் வேகம். 1983 இல் மிடி வந்தபோது அதற்குக் குறித்த வேகம் செக்கனுக்கு 31,250 பிட். பார்வைக்கு ஒழுங்கில்லாத எண்ணாக இருந்தாலும், ஒரு மெகாஹேர்ட்ஸ் மணித்துடிப்பை 32 ஆல் பிரித்தால் வருவது இதுதான். அந்தக் காலத்து மலிவான ஐ.சி.களுக்கு அது லேசு. பி.சி.யின் சீரியல் போர்ட் வேறு குடும்பம். அதற்கு மணித்துடிப்புக் கொடுக்கும் பளிங்கு 1.8432 மெகாஹேர்ட்ஸ். அதை 16 ஆல் பிரித்தால் 1,15,200. அதற்குக் கீழே வருவதெல்லாம் அந்த எண்ணை முழு எண்ணால் பிரித்த வேகங்கள். 3 ஆல் பிரித்தால் 38,400, 4 ஆல் பிரித்தால் 28,800. இரண்டுக்கும் நடுவில் 31,250 கிடைக்காது. மிடி பொறுக்கும் வழு ஒரு சதவீதம். 28,800 இல் போனால் ஏறக்குறைய 8 சதவீதம் பிழைக்கும். ஆகவே பழைய பி.சி.யின் ஒன்பது முள் போர்ட்டை எவ்வளவு திருகினாலும் மிடி சொக்கெட்டோடு நேராகக் கதைக்கப் பண்ண முடியாது.

இதற்காகத்தான் யமஹாவும் றோலண்டும் தங்கள் கருவிகளில் இந்த வட்டத் துளையை வைத்தார்கள். கொம்பியூட்டர் மிடியின் வேகத்துக்கு வராவிட்டால், கருவி கொம்பியூட்டரின் வேகத்துக்குப் போகும். யமஹாவின் எம்.யூ வரிசை மொடியூல்களிலும், றோலண்டின் எஸ்.சி-55 எம்.கே-2, எஸ்.சி-88 போன்றவற்றிலும் இதே எட்டு முள் மினி டின் துளைதான். சுவிச்சின் நாலு நிலைகளும் இவை: மிடி என்றால் வட்டத் துளை செத்தது, ஐந்து முள் சொக்கெட்டுகள் வேலை செய்யும். மக் என்றால் 31,250; பழைய மக்கின்ரொஷ் சீரியல் போர்ட் வெளியில் இருந்து வரும் ஒரு மெகாஹேர்ட்ஸ் துடிப்பை எடுத்து 32 ஆல் பிரித்துக்கொள்ளும், அந்தத் துடிப்பைக் கருவியே கொடுக்கும். பி.சி-1 உம் 31,250 தான், ஜப்பானில் ஓடிய என்.ஈ.சி. பி.சி-98 கொம்பியூட்டர்களுக்கானது. பி.சி-2 என்பது 38,400. எங்களுக்குத் தேவையானது இது. சுவிச்சைக் கருவி அணைந்திருக்கும்போது மாற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று கேபிளைக் குறை சொல்லுபவர்கள் கனபேர்.

இடையில் ஒன்று. அந்தக் காலத்தில் 1985 இல் வந்த அட்டாரி எஸ்.ரி என்ற கொம்பியூட்டர் மிடி சொக்கெட்டை உடம்பிலேயே வைத்துக்கொண்டு வந்தது. அதனால்தான் இசைக்காரர் அதை அவ்வளவு நாள் விடவில்லை. சிலிக்கன் கிரஃபிக்ஸ் இன்டி போன்ற பெரிய வேர்க்ஸ்டேஷன்கள்கூட மக்கின்ரொஷுக்கென்று விற்ற மிடி பெட்டிகளைத் தங்கள் எட்டு முள் சீரியல் போர்ட்டில் மாட்டித்தான் சிந்தசைஸரோடு பேசின.

இனிக் கேபிள். டு ஹோஸ்ட் துளையில் இருந்து ஒன்பது முள் பிளக்குக்குப் போகும் வயர்கள் இவை. இடப்பக்கம் கருவி, வலப்பக்கம் பி.சி.

1 – 8
2 – 7
3 – 2
4 – 5
5 – 3
8 – தனியாகப் போகாது. கருவிப் பக்கத்திலேயே 4 உடன் சேர்த்துக் கட்டவேண்டும்
6, 7 – வெறுமையாக விடுங்கள்

அந்த எட்டாம் முள்ளைத்தான் வீட்டில் கேபிள் கட்டுபவர்கள் மறப்பார்கள். கருவிக்குள்ளே இருப்பது ஆர்.எஸ்-422 வகை வாங்கி. அது ஐந்தாம் முள்ளுக்கும் எட்டாம் முள்ளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பார்க்கும். எட்டை அந்தரத்தில் விட்டால் ஒருநேரம் வேலை செய்யும், ஒருநேரம் செய்யாது, கையைக் கிட்டக் கொண்டுபோனால் குழம்பும். அதை மென்பொருள் பிழை என்று நினைத்து மூன்று நாள் மினக்கெடலாம். றோலண்டுக்கும் அடிப்படை இதேதான்; கட்டுமுன் அதன் கையேட்டில் உள்ள படத்தோடு ஒருக்கால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முள் எண்ணும்போது ஆறுதலாக எண்ணுங்கள். எட்டு முள் மினி டின்னில் ஒரு வரிசையில் 1, 2. நடுவில் 3, 4, 5. மற்ற ஓரத்தில் 6, 7, 8. சொக்கெட்டை முன்னால் நின்று பார்க்கும் படமும், பிளக்கை ஈயம் வைக்கும் பின்பக்கத்தால் பார்க்கும் படமும் ஒரே மாதிரி. பிளக்கின் முகத்தைப் பார்த்தால் இடம் வலம் மாறிவிடும். எட்டு முள் பிளக் டவுனில் கிடைப்பது கஷ்டம். பழைய மக்கின்ரொஷ் பிரின்டர் கேபிள் ஒன்று அகப்பட்டால் ஒரு பக்கத்தை வெட்டி, மல்ரிமீற்றரைத் தொடர்ச்சி நிலையில் வைத்து, வயர் நிறம் எந்த முள்ளுக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள். நிறத்தை நம்பவேண்டாம். கொம்பியூட்டர் கீபோட்டின் ஆறு முள் பிளக்கையோ, வீடியோவின் நாலு முள் பிளக்கையோ முள்ளை வளைத்து இறக்கிப் பார்க்கவும் வேண்டாம். துளை உடைந்தால் மாற்று எடுக்க இயலாது. கடற்கரைப் பக்கம் இருந்த கருவி என்றால் முள்ளில் பச்சை பிடித்திருக்கும். ஐசோப்புரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்து, பிளக்கைப் பத்துத்தரம் போட்டுக் கழற்றினாலே பாதி நோய் போய்விடும்.

யூ.எஸ்.பி–சீரியல் கேபிளில் இரண்டு சாதி உண்டு. ஒன்பது முள் பிளக்கோடு வருவது ஆர்.எஸ்-232, அதில் சும்மா இருக்கும் வயரில் நெகற்றிவ் மின்னழுத்தம் நிற்கும். வெறும் நாலைந்து ஊசியோடு வரும் சிறிய அட்டை ரி.ரி.எல், அதில் சும்மா இருக்கும்போது 5 அல்லது 3.3 வோல்ட். டு ஹோஸ்ட்டுக்கு முதலாவது, ஐந்து முள் மிடிக்கு இரண்டாவது. மாறிப் பிடித்தால் தலைகீழான சிக்னல் போகும், சிலநேரம் ஐ.சி.யும் போகும். சோதனை லேசு: கேபிளை லப்டொப்பில் மட்டும் மாட்டி, ஒன்பது முள்ளில் 3 க்கும் 5 க்கும் இடையில் வோல்ட் பாருங்கள். சைபருக்குக் கீழே 5 இல் இருந்து 12 வரைக்குள் ஏதாவது காட்டினால் அது ஆர்.எஸ்-232, உயிரோடும் இருக்கிறது.

38,400 வழமையான வேகம் என்பதால் எந்தச் சிப் உள்ள கேபிளும் அதைத் தரும். 31,250 வேண்டுமென்றால் எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் எஃப்.ரி-232 சிப் உள்ள கேபிளை எடுங்கள். அதன் அடிப்படை 3 மெகாஹேர்ட்ஸ், 96 ஆல் பிரித்தால் 31,250 அச்சொட்டாக வரும். பெயர் மட்டும் போட்ட போலிச் சிப்கள் மலிவான கேபிள்களில் நிறைய.

கேபிள் சரி, ஆனால் மென்பொருளில் ஏன் கருவி தெரியவில்லை? ஏனென்றால் லப்டொப்புக்கு அது வெறும் கொம் போர்ட். அதன் மறுமுனையில் கீபோட் இருப்பது அதற்குத் தெரியாது. விண்டோஸ் 98, எக்ஸ்.பி. காலத்தில் யமஹாவின் சி.பி.எக்ஸ். டிரைவரும் றோலண்டின் சீரியல் மிடி டிரைவரும் அந்த வேலையைச் செய்தன. இன்றைய 64 பிட் விண்டோஸில் அவற்றை ஏற்றப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். அதற்குப் பதிலாக இரண்டு இலவச மென்பொருள்: லூப்மிடி என்பது கற்பனையான ஒரு மிடி போர்ட்டை உண்டாக்கும், ஹெயர்லெஸ் மிடி-சீரியல் என்பது அந்தப் போர்ட்டையும் கொம் போர்ட்டையும் கொழுவிவிடும். லூப்மிடியில் இரண்டு போர்ட் உண்டாக்குங்கள், போக ஒன்று, வர ஒன்று. ஒன்றையே இரண்டு பக்கத்துக்கும் கொடுத்தால் சிக்னல் தன்னையே சுற்றும். ஹெயர்லெஸ் திறக்கும்போது வேகம் 1,15,200 என்று இருக்கும். அமைப்புக்குள் போய் 38,400 ஆக்கவேண்டும். இதை மறந்தால் விளக்கு மினுங்கும், சத்தம் வராது, அல்லது குப்பைச் சுரம் வரும்.

லினக்ஸில் ரி.ரி.வை.மிடி என்ற சிறு நிரல் இதே வேலையைச் செய்யும். மேசைக் கொம்பியூட்டரில் உண்மையான ஒன்பது முள் போர்ட் இருந்தால், லினக்ஸின் உட்கருவான கேர்னலிலேயே சீரியல் மிடிக்கு ஒரு மென்பொருள் மொடியூல் இருக்கிறது. அதன் இயல்பு வேகம் 38,400, றோலண்டின் சவுண்ட்கன்வஸ் (எஸ்.சி) வகையையும் அது அறியும். ஆனால் அது யூ.எஸ்.பி. கேபிளோடு ஓடாது.

இனி, கீபோட்டில் வாசித்துக் கொம்பியூட்டரில் பதிகிறபோது தாளம் பிசகுகிறது, கொம்பியூட்டரில் இருந்து கீபோட்டை ஓட்டும்போது மட்டும் ஒழுங்காக இருக்கிறது என்றால், குறை உங்கள் விரலில் இல்லை. எஃப்.டி.டி.ஐ. சிப் வந்த பைட்டுகளைச் சேர்த்துவைத்து 16 மில்லிசெக்கனுக்கு ஒருக்கால்தான் லப்டொப்புக்கு அனுப்பும். பெரிய கோப்பு அனுப்புவதற்கு அது நல்லது, சுரத்துக்குக் கூடாது. விண்டோஸில் டிவைஸ் மனேஜருக்குள் அந்தக் கொம் போர்ட்டைத் திறந்து, போர்ட் அமைப்பில் அட்வான்ஸ்ட் என்பதை அழுத்தினால் லேற்றன்சி ரைமர் என்று ஓர் எண் இருக்கும். 16 ஐ 1 ஆக்குங்கள். மிருதங்க ஒலியைக் கீபோட்டில் வாசித்துப் பதிபவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் பகலும் இரவும் போல வித்தியாசம் தரும். கேபிளை வேறு யூ.எஸ்.பி. துளையில் மாட்டினால் புதிய கொம் எண் விழலாம், ரைமரும் திரும்ப 16 க்குப் போகலாம். எந்தத் துளை என்று ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டிவிட்டுச் சோதிக்காதீர்கள். முதலில் கேபிள் மட்டும்: ஒன்பது முள்ளில் 2 ஐயும் 3 ஐயும் ஒரு சிறு வயரால் தொட்டுவைத்து, ஏதாவது ரேர்மினல் மென்பொருளில் எழுத்து அடியுங்கள். அடித்த எழுத்து திரும்பி வந்தால் லப்டொப், டிரைவர், கேபிள் மூன்றும் சரி. பிறகு எட்டு முள் முனையில் 3 ஐயும் 5 ஐயும் தொட்டு அதையே செய்யுங்கள். இப்போது நீங்கள் கட்டிய பகுதியும் சரி. அதற்குப் பிறகுதான் கருவி. அது பேசாவிட்டால் சுவிச்சும் வேகமும் மட்டும்தான் மிச்சம்.

ஐந்து முள் பக்கத்துக்கு இன்னும் லேசான சோதனை உண்டு. சிவப்பு எல்.ஈ.டி. ஒன்றின் நீளக் காலை மிடி அவுட் சொக்கெட்டின் 4 இலும் கட்டைக் காலை 5 இலும் செருகுங்கள். உள்ளே 220 ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருப்பதால் எல்.ஈ.டி. எரிந்துபோகாது. சுரம் அழுத்தினால் மினுங்க வேண்டும். பல யமஹா, றோலண்ட் கருவிகள் ஒன்றும் வாசிக்காதபோதும் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று 300 மில்லிசெக்கனுக்குள் ஒரு பைட் அனுப்பிக்கொண்டிருக்கும். இருட்டில் உற்றுப் பார்த்தால் அந்த மங்கலான துடிப்புத் தெரியும். சுரம் அழுத்தியும் மினுங்காவிட்டால் சுவிச் மிடியில் இல்லை, அல்லது அவுட் ஐ.சி. போய்விட்டது.

மேடைக்கு ஏன் ஐந்து முள் என்றால், மிடி இன் சொக்கெட்டுக்குள் ஒளியால் சிக்னலைக் கடத்தும் ஒப்டோ ஐ.சி. இருக்கிறது. 5 மில்லிஅம்பியர் மின்னோட்டம் ஒரு எல்.ஈ.டி.யை எரிக்கும், மறுபக்கம் அதன் வெளிச்சத்தைப் பார்க்கும். இரண்டு கருவிகளின் எர்த்தும் ஒன்றோடொன்று தொடாது. டு ஹோஸ்ட் கேபிளில் நாலாம் முள் இரண்டு பக்க எர்த்தையும் நேராகக் கட்டிவிடுகிறது. லப்டொப் ஒரு பிளக்கில், மிக்ஸரும் அம்பிளிஃபயரும் ஜெனறேற்றரில் இருந்து வரும் வேறு வயரில் என்றால் எர்த் வளையம் உருவாகும். ஸ்பீக்கரில் கேட்கும் உறுமல் அதுதான். லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் நோய் தெரிந்துவிட்டது. அதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த்தைக் கழற்றிவிடும் பழக்கம் எங்கள் மேடைகளில் இருக்கிறது. மழைத் துளி விழுந்த மேடையில் மைக்கைப் பிடிக்கிறவரின் உயிரோடு விளையாட்டு அது. ஐந்து முள்ளுக்கு மாறுங்கள், அல்லது ஏ.டி.யூ.எம்-4160 சிப் உள்ள யூ.எஸ்.பி. பிரிப்பான் ஒன்றை லப்டொப்புக்கும் கேபிளுக்கும் இடையில் போடுங்கள்.

அதோடு, எர்த் இல்லாத லப்டொப் சார்ஜர் மாட்டியிருக்கும்போது அதன் உலோகத்தைத் தொட்டால் ஒரு கூச்சம் தெரியுமே, அந்தக் கசிவு மின்னழுத்தம் நீங்கள் பிளக்கைச் செருகும் கணத்தில் சிக்னல் முள்ளால் பாயலாம். சீரியல் கேபிளை இரண்டு பக்கமும் அணைத்துவிட்டுத்தான் மாட்டவேண்டும்.

ஐந்து முள் பெட்டியை வாங்கலாம், கட்டலாம். வாங்கினால், பெயர் தெரியாத மிக மலிவான யூ.எஸ்.பி–மிடி கேபிள்களைத் தவிர்த்துவிடுங்கள். பலவற்றில் ஒப்டோ இடத்தில் வெறும் ரெசிஸ்டர் இருக்கும், கருவியின் அமைப்புகளைக் கொண்டுபோகும் நீளமான சிஸ்டம் எக்ஸ்குளூசிவ் செய்திகளை இடையில் விழுங்கிவிடும். நல்லதோ கூடாததோ, அவற்றின் பிளக்கில் இன் என்று எழுதியிருந்தால் அது கீபோட்டின் அவுட்டுக்குப் போகவேண்டும். ‘வேலை செய்யவில்லை’ என்று திரும்பி வருபவற்றில் பாதி இந்த மாறாட்டம்தான்.

கட்டுவதென்றால் 5 வோல்ட், 16 மெகாஹேர்ட்ஸ் ஆர்டுயினோ புரோ மைக்ரோ வகை அட்டை ஒன்று எடுங்கள். அதன் சிப் யூ.எஸ்.பி.யில் நேரே மிடி கருவியாகவே தோன்றும். லூப்மிடியும் வேண்டாம், ஹெயர்லெஸும் வேண்டாம். 16 மெகாஹேர்ட்ஸை 16 ஆலும் பிறகு 32 ஆலும் பிரித்தால் 31,250, வழு சைபர்.

அவுட் பக்கம் (டின் என்பது ஐந்து முள் சொக்கெட், எண் அதன் முள்): 5 வோல்ட்டில் இருந்து 220 ஓம் வழியாக டின் 4 க்கு; அட்டையின் ரி.எக்ஸ். காலில் இருந்து 220 ஓம் வழியாக டின் 5 க்கு. டின் 2 எர்த்துக்கு. அட்டை 3.3 வோல்ட் என்றால் அந்த 220 கள் 33 உம் 10 உம் ஆகவேண்டும், 4 க்கு 33, 5 க்கு 10.

இன் பக்கம்: டின் 4 இல் இருந்து 220 ஓம் வழியாக 6என்-138 ஒப்டோவின் இரண்டாம் காலுக்கு, டின் 5 நேரே மூன்றாம் காலுக்கு. அந்த 2 க்கும் 3 க்கும் குறுக்கே 1என்-4148 டயோட், கறுப்புக் கோடு உள்ள முனை 2 இல். எட்டாம் காலுக்கு 5 வோல்ட், ஐந்தாம் காலுக்கு எர்த், இரண்டுக்கும் இடையில் 0.1 மைக்ரோபரட் கப்பாசிற்றர் ஐ.சி.க்குக் கிட்டவே. ஆறாம் காலில் இருந்து 1 கிலோஓம் 5 வோல்ட்டுக்கு, அதே ஆறு அட்டையின் ஆர்.எக்ஸ். காலுக்கு. ஏழாம் காலில் இருந்து 4.7 அல்லது 10 கிலோஓம் எர்த்துக்கு. டின் 2 ஐ இந்தப் பக்கத்தில் எதோடும் கட்டவேண்டாம். கட்டினால் ஒப்டோ வைத்த பலன் போய்விடும்.

அந்த ஏழாம் கால் ரெசிஸ்டரைச் சிலர் விட்டுவிடுவார்கள். ஒப்டோ எரிவதைவிட அணைவது மெதுவாக நடக்கும் சாமான். அந்த ரெசிஸ்டர் உள்ளே தங்கும் மின்னேற்றத்தை வடியவிட்டு அணைவதை வேகமாக்கும். மிடியில் ஒரு பிட் 32 மைக்ரோசெக்கன், எழுச்சியும் வீழ்ச்சியும் 2 மைக்ரோசெக்கனுக்குள் இருக்கவேண்டும். பழைய சார்ஜரில் கழற்றிய பி.சி-817 ஐப் போடும் ஆசை எல்லாருக்கும் வரும். அது அந்த வேகத்துக்கு ஆகாது. ஒரு சுரம் இரண்டு சுரம் என்று வாசிக்கும்போது சரிபோலவே இருக்கும், நாலு விரல் சேர்ந்தால் பிட் அழிந்து, சுரத்தை நிறுத்தும் செய்தி தொலையும். இழுபடும் சுரத்துக்கு இது ஒரு முக்கிய காரணம். 6என்-138 யாழ்ப்பாணத்தில் கிடைக்காவிட்டால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேளுங்கள். எச்-11-எல்-1 கிடைத்தாலும் நல்லது, ஆனால் அதற்குக் காலமைப்பு வேறு.

டின் பிளக்கின் முட்கள் 1, 2, 3, 4, 5 என்று வரிசையாக வராது. வளைவைச் சுற்றி 1, 4, 2, 5, 3 என்று வரும். நடு முள் 2. அதன் இரு பக்கமும் 4 உம் 5 உம். ஈயம் வைக்கும் பக்கத்தில் பார்க்கும்போது 4 எந்தப் பக்கம் என்று பிளாஸ்ரிக்கில் சின்னதாக எழுதியிருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு வாசியுங்கள். மாறிப் பிடித்தால் டயோட் இருப்பதால் ஒன்றும் எரியாது, சத்தம் மட்டும் வராது. இரண்டு வயரையும் மாற்றிவிட்டால் சரி. பிளக் வேண்டுமென்றால் 1990களின் தடித்த கொம்பியூட்டர் கீபோட்டில் இருந்த பெரிய ஐந்து முள் பிளக் இதே அளவுதான். 2, 4, 5 மூன்றிலும் வயர் இருக்கும். பழைய ரேப்ரெக்கோடரின் டின் கேபிளை மட்டும் சோதிக்காமல் போடவேண்டாம், அவற்றில் வயர்கள் குறுக்காகப் போயிருக்கும். கேபிள் நீளம் 15 மீற்றரைத் தாண்டக் கூடாது.

நிரலில் ஒரு பொறி: ஆர்டுயினோவின் மிடி-யூ.எஸ்.பி. நூலகத்தில் ஒரு செய்தியை அனுப்பிய பிறகு ‘தள்ளிவிடு’ (flush) என்ற கட்டளையையும் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் செய்திகள் உள்ளேயே தங்கிவிட்டுப் பிறகு ஒன்றாக வரும்.

இனி எங்கள் இசைக்கே உரிய ஒரு தொல்லை. மிடியில் ஒரு பைட்டுக்கு 10 பிட், அதாவது 320 மைக்ரோசெக்கன். செக்கனுக்கு ஆகக்கூடியது 3,125 பைட். ஒரு சுரத்துக்கு மூன்று பைட், ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கன். பியானோ வாசிக்க அது தாராளம். கமகம் அப்படி இல்லை. கமகத்தைப் பிச் பென்ட் (சுரத்தின் உயரத்தை வளைக்கும் செய்தி) மூலம்தான் கொடுக்கவேண்டும், அதுவும் மூன்று பைட். மென்பொருளில் கம்பிதத்தை (சுரத்தை அசைக்கும் கமகம்) மவுஸால் ஒரு வளைவாக வரைந்தால், அது ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு செய்தி எழுதும். கால் சுரத்துக்கு 480 துடிப்பு, நிமிடத்துக்கு 120 அடி என்றால் செக்கனுக்கு 960 செய்தி, 2,880 பைட். ஒரே ஒரு வீணை வரி முழுக் குழாயையும் அடைத்துவிட்டது. மிருதங்கமும் தாளமும் பின்னால் வரிசையில் நிற்கும். மென்பொருளில் செய்திகளை ஐதாக்கும் வசதி இருக்கும், செக்கனுக்கு 100 போதும். செக்கனுக்கு ஐந்தாறு அசைவு கொண்ட கம்பிதத்துக்கு ஓர் அசைவுக்குப் பதினாறு இருபது புள்ளி கிடைக்கும், காதுக்கு வித்தியாசம் தெரியாது. பிச் பென்ட் சனலுக்குச் சனல் தனி என்பதால் சுருதியை வேறு சனலில் வையுங்கள், இல்லாவிட்டால் தம்புராவும் சேர்ந்து ஆடும். வழமையான வீச்சு மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம். பெரிய ஜாருவுக்கு (சுரத்தில் இருந்து சுரத்துக்கு வழுக்குவது) அதை 12 ஆக்கவேண்டியிருக்கும். மிடியின் கட்டுப்பாட்டுச் செய்திகளான கொன்ரோலர்களில் 101, 100 இரண்டுக்கும் சைபர் கொடுத்து, 6 க்கு 12 கொடுத்தால் மாறும்.

பி.சி-2 இல் ஒரு பைட்டுக்கு 260 மைக்ரோசெக்கன்தான், ஆகவே டு ஹோஸ்ட் துளை மிடியைவிடச் சற்று வேகம். 16 பைட் தங்கும் இடமுள்ள 16550 வகை ஐ.சி. இல்லாத பழைய மேசைக் கொம்பியூட்டரில் அந்த வேகம் எதிரியாகும்: ஒரு பைட்டை எடுக்கு முன்னர் அடுத்தது வந்து அதை அழிக்கும், மீண்டும் இழுபடும் சுரம். அப்படி இழுபட்டால் மென்பொருளில் எல்லாச் சுரமும் நிறுத்து என்பதை, அதாவது 123 ஆம் கொன்ரோலரை, ஒரு பட்டனில் வைத்திருங்கள்.

ஒவ்வொரு சுரமும் இரட்டையாக, கொஞ்சம் உலோகச் சத்தத்தோடு கேட்டால் கேபிளில் பிழை இல்லை. கீபோட் தானும் ஒலிக்கிறது, லப்டொப் திருப்பி அனுப்பியதையும் ஒலிக்கிறது. கீபோட்டின் மிடி அமைப்பில் லோக்கல் என்பதை ஓஃப் ஆக்குங்கள். மேடைக்குப் போகுமுன் திரும்ப ஓன் ஆக்க மறந்தால், கேபிள் இல்லாமல் கீபோட் ஊமையாக நிற்கும், பதறவேண்டாம்.

றோலண்ட் மொடியூலைக் கீபோட்டோடு சேர்த்து ஓட்டுவதென்றால், பாட்டின் தொடக்கத்தில் மொடியூலை மீளமைக்கும் செய்தி ஒன்றை வையுங்கள். பொதுவான ஜீ.எம். (ஜெனரல் மிடி) செய்தி ஹெக்ஸ் முறையில் எஃப்0 7ஈ 7எஃப் 09 01 எஃப்7. அதை அனுப்பியதும் கருவிக்கு 50 மில்லிசெக்கனாவது மூச்சு விடுங்கள். உடனே வாத்தியம் தெரிவுசெய்யும் செய்தியை அனுப்பினால் அது காதில் விழாது, நாதஸ்வரத்துக்கென்று வைத்த வரி பியானோவில் வரும். முதல் அடியை வெறுமையாக விட்டு, எல்லா அமைப்பும் அதற்குள் முடிந்து, பாட்டு இரண்டாம் அடியில் தொடங்கட்டும்.

கடைசியாக, இதையெல்லாம் மாட்டுவதற்கு முன் பார்க்கவேண்டியது: கனடாவில் இருந்து வந்த அடப்டரின் முதுகு. 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் எங்கள் 230 இல் செருகிய உடனே புகையும். 100–240 என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 120 தான் என்றால் இறக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்று, அல்லது அதே வோல்ட்டும் அதே அம்பியரோ அதற்கு மேலோ தரும் 230 வோல்ட் அடப்டர் ஒன்று வாங்குங்கள். கீபோட்டின் பின்பக்கத்தில் நடு முள் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று சின்னப் படம் போட்டிருக்கும், அதையும் ஒப்பிட்டுவிட்டே செருகுங்கள்.